தூங்க வைக்கும் வேலை

குடலிறக்க ஆபரேஷனுக்காக மேசையில் படுத்திருந்தவர், முகக்கவசம் அணிந்த மயக்க மருந்து டாக்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"பேசுறதுதான் என் வேலை, டாக்டரம்மா. நான் வாயைத் தொறந்தாலே எதிர்ல இருக்கிறவங்க கொட்டாவி விடுறாங்க. சில பேர் குறட்டையே விடுறாங்க. இந்த ஆபரேஷன் முடிஞ்சதும் வேலையை விட்டுடப் போறேன்."

"மருந்தே இல்லாம தூங்க வைக்கிறீங்களா? என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க ஐயா!"

அவர் சிரித்தார். வயிறு வலித்தது.

"நானும் ஒரு தடவை விட்டுடலாம்னுதான் இருந்தேன்." டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். "குணமானவங்க எல்லாரும் சர்ஜனுக்குத்தான் நன்றி சொல்வாங்க. என் முகம்கூட யாருக்கும் தெரியாது. அப்பதான் ஒருத்தர் சொன்னார்: 'உன் கையில இருக்கிற ஆளை இயேசுவா நினைச்சு வேலை செய். அவருக்கு உன்னைத் தெரியும்.' அன்னைக்கிலிருந்து ஜெபம் பண்ணாம நான் ஊசியைத் தொடுறதில்லை."

"ஆஹா! பேசினா அப்படிப் பேசணும். அவருக்கு முன்னாடி நான்லாம் எந்த மூலைக்கு? யாரும்மா அவர்?"

"நீங்கதான், பாஸ்டர். அன்னைக்கு ஒருநாள்தான் உங்க சர்ச்சுக்கு வந்தேன். கடைசி பெஞ்சு. பக்கத்துல இருந்த அம்மா என் தோள்ல சாய்ஞ்சு தூங்கிட்டாங்க. நான் முழிச்சிட்டிருந்தேன்."

பாஸ்டர் மேலே இருந்த விளக்கையே பார்த்தார். டாக்டர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஊசியைப் போட்டார்.

"டாக்டரம்மா..." அவர் நாக்கு குழறியது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுந்து நின்னு பேச முடியுமா?"

பதில் வருமுன் குறட்டை வந்தது.