கோபத்துக்கென்று ஒரு விமானம்

சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு விமானம் ஐந்தே நிமிடத்தில் போய்விடுகிற காலம் வந்ததும், கணவனிடம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதில் ஒரு மரியாதையே இல்லாமல் போயிற்று. போன முறை ஜெசிந்தா அப்படிப் போய், மனசு கேட்காமல் திரும்பி வந்தபோது, கணவன் பெலிக்ஸ் குளியலறையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே வெளியே வந்தான். அவள் போனதே அவனுக்குத் தெரியாது.

இந்த முறை, அம்மா கொடுத்தனுப்பிய தூத்துக்குடி முந்திரி மக்ரூனில் கடைசி ஒன்றையும் அவன் தின்றுவிட்டான். ஜெசிந்தா நேரே விமான நிலையத்துக்குப் போய், "இருக்கிறதிலேயே மெதுவாப் போறது எதுங்க?" என்று கேட்டாள்.

"கோச்சுக்கிட்டுப் போறீங்களாக்கா?" என்றாள் கவுண்டர் பெண். "அதுக்குன்னே ஒண்ணு விட்டிருக்கோம். கடல் மேல சுத்திச் சுத்தி ஆறு மணி நேரம் ஆக்கிடுவாங்க."

விமானம் நிறையப் பெண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெலிக்ஸ் தன்னைத் தேடித் தவிப்பதை நினைத்து நினைத்து, ஜெசிந்தா வழியெல்லாம் சந்தோஷப்பட்டாள்.

அம்மா வீட்டுக் கதவைத் திறந்தால், சாப்பாட்டு மேசையில் பெலிக்ஸ்! சமாதானம் பேச ஐந்து நிமிட விமானத்தில் வந்தவன், மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டிருந்தான். அவன் முன்னால் தட்டு நிறைய மக்ரூன்.

"மாப்பிள்ளை எல்லாத்தையும் சொன்னாவ," என்றாள் அம்மா. "ஏட்டி, ஒரு மக்ரூனுக்கா இவ்வளவு கோவம்? நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை."

ஜெசிந்தா பையைக் கீழேகூட வைக்கவில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு, அம்மாவிடம் கோபித்துக்கொண்டு, புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மெதுவான விமானத்தில்தான். தட்டில் மக்ரூன் நிறைய இருந்தது.