பாலம் வரைக்கும்

"மிதிங்கப்பா, நல்லா மிதிங்க! வண்டி புதைஞ்சா தொலைஞ்சோம்!"

பக்கத்து வீட்டுத் தொயோனோ போட்ட சத்தத்தில் மரக்கிளைகளில் இருந்த பனியே உதிர்ந்தது.

இராத்திரி முழுக்கப் பெய்த பனி மார்பு உயரத்துக்கு நின்றது. ஆம்புலன்ஸ் கீழே பாலத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் பாதை என்று ஒன்று இல்லவே இல்லை.

விறகு இழுக்கும் சறுக்குவண்டியில், ஊரிலுள்ள கம்பளியெல்லாம் போர்த்தி அந்தப் பெண்ணைக் கிடத்தியிருந்தோம். பிள்ளை எந்த நிமிடமும் வந்துவிடும்.

வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, பனியை மிதித்து இறுக்கி ஒற்றையடிப் பாதைதான் போடுவோம். இன்று முறையாவது ஒன்றாவது! பனியில் புதையாமலிருக்கக் காலில் மூங்கில் வளையங்களைக் கட்டிக்கொண்டு ஊரே இறங்கிவிட்டது. ஊர் என்றால் என்ன, எல்லாம் கிழடுகள். அறுபத்தெட்டு வயதில் நான்தான் இளவட்டம்.

தோளோடு தோள் உரச வரிசையாக நின்று மிதித்தோம். முன்வரிசை களைத்தால் ஒதுங்கும்; பின்வரிசை முன்னால் போகும்.

எண்பது தாண்டிய கிசபுரோ மட்டும் ஒதுங்கவே இல்லை. அண்டை வீட்டுக்கு ஒரு முள்ளங்கி கொடுத்தறியாத மனுஷன்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க. பாலம் வர்றதுக்குள்ள நீங்க போய்ச் சேர்ந்துடாதீங்க," என்றேன்.

"வாயால மிதிக்காதடா, காலால மிதி."

அவள் அலறும்போதெல்லாம் எங்கள் கால்கள் வேகமெடுத்தன. நேற்றுவரை கைத்தடி இல்லாமல் வாசல் தாண்டாத கால்கள்!

திரும்பிப் பார்த்தேன். மலைச்சரிவில், வண்டி அகலத்துக்கு, வெள்ளைவெளேரென்று ஒரு சாலை கிடந்தது. நாங்களா போட்டோம் இதை? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

பாலத்தை எட்டியபோது பிள்ளை இன்னும் வயிற்றில்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்து அவளை ஸ்ட்ரெச்சரில் மாற்றினார்கள்.

"யார் வீட்டுப் பொண்ணு?"

"எங்க வீட்டுப் பொண்ணு," என்றார் கிசபுரோ, மூச்சிரைக்க.

"பேரு?"

கிசபுரோ என்னைப் பார்த்தார். நான் தொயோனோவைப் பார்த்தேன். இராத்திரியே வழி தவறி ஏறிவந்து, பனியில் புதைந்த காரை விட்டுவிட்டு, விடியற்காலையில் எங்கள் ஊர்க் கதவைத் தட்டியவள் இவள். வலியில் துடித்தவளிடம் பேரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கிசபுரோ ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தார்.

"உன் பேரு என்னம்மா?"