முதல் டம்ளர்

"ஏலே சுடல, இது காப்பியா, மாட்டுக்கு வைக்கிற கழுநீரா?"

வியாகுலம் டம்ளரைத் தள்ளிய வேகத்தில் காப்பி மேசையில் சிந்தியது. அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் ஒரு பலகை. 'ஊழியர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள்.' கடை திறந்த அன்று முதலாளி கலைச்செல்வி ஆசையாய் எழுதி மாட்டியது.

காப்பி மாஸ்டர் சுடலைமாடன் டம்ளரை எடுத்துப் போனார். டிகாக்‌ஷனைக் கூட்டி வேறு காப்பி கொண்டுவந்து வைத்தார். அதை வியாகுலம் சத்தமில்லாமல் குடித்துவிட்டு, வெளியே நின்ற தன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தினமும் இதே கூத்துதான். வண்ணார்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் உவரிக்காரர். கடை திறந்ததும் முதல் ஆளாக வருவார். முதல் டம்ளருக்கு ஓர் ஏச்சு கட்டாயம். ஒரு நாள், "கசாயமாலே காய்ச்சிருக்க?" இன்னொரு நாள், "பாயசமாலே கேட்டேன்?"

கல்லாவில் இருக்கும் கலைச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வரும். பெங்களூரில் பெரிய ஹோட்டல் வரவேற்பில் பல வருஷம் நின்றவள். வயிற்றுப்புண்ணால் காப்பியை விட்டே நாளாயிற்று, வெந்நீர்தான். கடையில் ருசி மாஸ்டர் பொறுப்பு, மரியாதை அவள் பொறுப்பு.

"ஏன் மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுட்டு இருக்கீங்க?"

"அண்ணாச்சி வாய் அப்படிம்மா. பேசிட்டுப் போட்டும். வராதீயன்னு மட்டும் சொல்லிராதீய."

இவ்வளவு பயந்த மனுஷனா என்று அவளுக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

மறுநாள் வியாகுலம் ஒரு வாய் குடித்ததுமே ஆரம்பித்தார். "காப்பி கேட்டா பீடிப் புகையக் கரைச்சுத் தாரியாலே?"

கலைச்செல்வி எழுந்து வந்தாள். "அண்ணாச்சி, போர்டு வாசிக்கத் தெரியும்லா?"

"தெரியும் தாயி."

"அப்ப நாளையிலருந்து இங்கன வராதீங்க. உங்க ஒருத்தர் யாவாரம் இல்லாட்டி கடை மூடிராது."

வியாகுலம் சுடலைமாடனைப் பார்த்தார். சுடலைமாடன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி தாயி. கடை உனக்குள்ளது." வாசல் வரை போனவர் திரும்பினார். "ஏலே, அடுப்பப் பைய எரிய விடு, என்ன?"

போகும்போதும் அதிகாரத்தைப் பாரு என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் கடை அத்தனை அமைதி. வந்தவர்கள் எல்லாம் மரியாதை தெரிந்தவர்கள்.

"காப்பி எப்படி சார்?" என்று பேங்க்கார நடராஜிடம் கேட்டாள்.

"பிரமாதம்மா." கும்பிட்டுவிட்டுப் போனார்.

"சூப்பர் மேடம்," என்றாள் அஸீலா டீச்சர், பையை எடுத்துக்கொண்டு.

மேசை துடைக்கப் போன கலைச்செல்வி அப்படியே நின்றாள். எல்லா டம்ளரிலும் ஒரு வாய்தான் குறைந்திருந்தது. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அடிப்பிடித்த பால் வாடை குப்பென்று அடித்தது.

"மாஸ்டர், இது உங்களுக்குத் தெரியலையா?"

சுடலைமாடன் அடுப்பை அணைத்தார்.

"தெரியாதும்மா. ஒரு காய்ச்சல்ல போன மூக்கு திரும்பவே இல்ல. நாக்கும் அப்படித்தான். காப்பியும் வெந்நீரும் எனக்கு ஒண்ணுதான்."

"அப்ப இத்தன நாளா?"

"முத டம்ளர வியாகுலம் அண்ணாச்சி குடிச்சுச் சொல்லுவாரு. கழுநீருன்னா டிகாக்‌ஷன் காணாது. கசாயம்னா கூடிப்போச்சு. பாயசம்னா சீனி. பீடிப் புகைன்னா பால் அடிப்பிடிச்சிட்டு. காலையில சரி பண்ணிட்டா அன்னைக்குப் பூரா அதே பக்குவத்துல ஓட்டிருவேன்."

"அத உங்க காதுல பைய சொல்லக் கூடாதா?"

"தினம் காதுல வந்து சொன்னா நீங்க என்னன்னு கேப்பீயள்லா? மூக்கு செத்த மாஸ்டருக்கு எவம்மா வேல குடுப்பான்? ஏசுனா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டாம்லேன்னு அண்ணாச்சிதான் சொன்னாரு. நல்ல மனுஷன், கெட்ட பேரு வாங்கிட்டாரு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கிளம்புதேம்மா."

கலைச்செல்வி கையிலிருந்த டம்ளரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, "துண்டக் கீழ வைங்க மாஸ்டர். வேற பால் ஏத்துங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

எதிர்ச்சாரியில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து வியாகுலம் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் வருவதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, புதுப் பால் ஏத்தியிருக்கு. வந்து ஏசிட்டுப் போங்க."