பொய் சொல்லத் தெரியாத பழைய கார்

வண்டிகள் உண்மையை மட்டுமே பேச வேண்டும் என்று சட்டம் வந்த பிறகும் வியாபாரி ரத்தினசபாபதி பழக்கத்தை விடவில்லை.

"டாக்டர் வண்டிங்க. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"ரெண்டு லட்சம்," என்றது கார். "டாக்டர் ஒருநாள்தான் ஏறினாரு. அதுவும் நான் அவர இடிச்சதால."

முன்பொருமுறை மீட்டரைத் திருப்பி வைத்த வண்டியை வாங்கி ஏமாந்தவர் குணசீலன். இந்தக் காரின் நேர்மையில் சொக்கிப்போய், பாதி விலைக்குப் பேசி வாங்கிவிட்டார்.

மறுவாரம், தானாகவே ஓடும் அந்தக் காரில் கோயிலுக்குப் போகும் வழியில், அவர் மனைவி திலகவதி காரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"சர்க்கரை ஏறுதேன்னு காலைல நடக்கப் போறாரே, எவ்வளவு தூரம் நடக்கறாரு?"

குணசீலன் அவசரமாகப் பாட்டை அலறவிட்டார். கார் அதை நிறுத்திவிட்டுச் சொன்னது:

"நடக்கறதே இல்லீங்க. பார்க் வாசல்ல எனக்குள்ளயே தூங்குவாரு. எழுந்ததும் ரெண்டு ஜிலேபி."

திலகவதி வண்டியை நிறுத்தச் சொன்னாள். "எறங்குங்க. வீட்டுக்கு நடந்தே வாங்க."

கார் திரும்பி மறையும்வரை காத்திருந்த குணசீலன், ஓட்டுநர் இல்லாத ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார்.

"தாராளமா ஏறுங்க சார்," என்றது ஆட்டோ. "ஆனா வீட்டுல கேட்டா சொல்லிருவேன்."

குணசீலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.