முதல் போனிலேயே

"வேலையே இன்னும் கைக்கு வரல. அதுக்குள்ள வீட்லேர்ந்து பார்க்கலாமான்னு கேட்டிருக்க. உனக்கு அறிவு இருக்கா ஷீபா?"

சென்னையிலிருந்து அண்ணன் ஆல்பின் போனில் கத்தினான். ஷீபா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப சேர முடியும்னு கேட்டாங்க. நான் தஞ்சாவூர் பக்கம் கிராமத்துல இருக்கேன், வீட்லேர்ந்தே செய்ய வழி இருக்கான்னு கேட்டேன். அதுல என்ன தப்பு?"

"எதை எப்ப கேக்கறதுன்னு ஒரு முறை இருக்கு. முதல் போன்லயே கேட்டா சோம்பேறின்னு நினைப்பாங்க. முதல்ல ஆஃபரை வாங்கு. சேர்ந்து ஆறு மாசம் வேலை செஞ்சு காட்டு. அப்புறம் கேளு."

"அந்த ஆறு மாசம் அப்பாவை யார் பார்த்துக்கறது? நீயா?"



அப்பா பெரியநாயகசாமி கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் வராமல் போயின. அம்மா ஏற்கெனவே இல்லை. ஷீபாவும் அப்போது சென்னையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு தினம் ஆபீஸ் போயே ஆகணும், ஒரு நாள்கூட விட மாட்டேங்கறாங்க" என்று ஆல்பின் கையை விரித்துவிட்டான். ஷீபாதான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள்.

"சரி, எந்தக் கம்பெனி?" என்றான் ஆல்பின்.

"உன் கம்பெனிதான். கன்சல்டன்சி மூலமா வந்துச்சு. அவங்க போன் பண்ணப்பதான் எனக்கே தெரியும்."

மறுமுனையில் சத்தம் இரண்டு மடங்காக வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? நாளைக்கு வீடியோ இன்டர்வியூல தினம் ஆபீஸ் வரேன்னு சொல்லு. அப்பா விஷயத்தை எடுக்காத. என் பேரையும் எடுக்காத, சிபாரிசுன்னு நினைப்பாங்க. முடியாதுன்னா அந்த இன்டர்வியூவே உனக்கு வேண்டாம்."

போனை வைத்துவிட்டான்.

"அவன் சொல்றதக் கேளு பாப்பா." கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் குழறிக்கொண்டு வந்தது.

"நீங்க சும்மா இருங்கப்பா."

"அவன் என்ன பண்ணுவான்? தினம் ஆபீஸுக்கு ஓடுறான். இல்லேன்னா என்னைப் பார்க்க வர மாட்டானா?"

ஷீபாவுக்குக் கோபம் வந்தது. கிறிஸ்மஸுக்கு வந்தவன் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டான். அப்பாவுக்குத் துணி மாற்றியபோது வாசலில் போய் நின்றுகொண்டான். அதையெல்லாம் இவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

மறுநாள் காலை பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கூடத்திலேயே லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தாள். அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும்.

எச்.ஆர். அதிகாரி விஜயலட்சுமி கேட்டதற்கெல்லாம் ஷீபா தடுமாறாமல் பதில் சொன்னாள்.

"ரொம்ப நல்லா பண்றீங்க. வாரத்துல மூணு நாளாவது ஆபீஸ் வரணும். சரிதானே?"

சரி என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அப்பாவும் கட்டிலிலிருந்து சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினார். அதைப் பார்த்ததும் நேற்றைய கோபமெல்லாம் திரும்பி வந்தது.

"இல்ல மேடம். முடியாது. எங்கப்பா படுத்த படுக்கையா இருக்கார். அவரை விட்டுட்டு வர மாட்டேன். வீட்லேர்ந்து செய்யலாம்னா ஆபீஸ்ல இருக்கறவங்களைவிட நல்லாவே செய்வேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

விஜயலட்சுமி முகம் சுளிக்கவில்லை.

"முதல்லயே சொன்னது நல்லதாப் போச்சு. ஆஃபரைக் கையில வாங்கிட்டு, சேர்ற அன்னிக்கு வந்து கேக்கறவங்களாலதான் எங்களுக்குத் தலைவலி. நிஜமான காரணம் இருந்தா மேனேஜர்கிட்ட பேசலாம். அப்பாவைப் பார்த்துக்க வேற யாரும் இல்லையா?"

"அண்ணன் ஒருத்தர் இருக்கார். சென்னையில, உங்க கம்பெனியிலதான். அவரைத்தான் தினம் ஆபீஸுக்கு வரச் சொல்றீங்களே, எப்படி வந்து பார்ப்பார்?"

சொன்ன பிறகுதான் அவன் எச்சரித்தது நினைவுக்கு வந்தது. வருவது வரட்டும் என்று இருந்தது.

"எங்க கம்பெனியிலயா? பேரு?"

"ஆல்பின்."

விஜயலட்சுமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெரியநாயகசாமி ஆல்பினா?"

"ஆமா மேடம்."

"என்னம்மா சொல்றீங்க? அப்பாவுக்குப் பக்கவாதம், பார்த்துக்க வேற ஆளே இல்லைன்னு சொல்லி அனுமதி வாங்கினவராச்சே அவர். ரெண்டு வருஷமா தஞ்சாவூர் வீட்லேர்ந்துதானே வேலை பார்க்கறார்? நாங்க அவரை ஆபீஸுக்கே கூப்பிடறதில்லையே."

ஷீபா கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பாப்பா." அப்பாதான் கூப்பிட்டார். "அதை என் பக்கம் திருப்பு."

லேப்டாப்பைக் கட்டில் பக்கம் திருப்பினாள். இடது கையை ஊன்றித் தலையைத் தூக்கிய அப்பா, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நான்தாம்மா அந்த அப்பா. அவன் இங்க இல்ல. அவனுக்குக் குடுத்ததை இவளுக்குக் குடுங்க."