மூன்று கால், இரண்டு கம்பி

"கொலைகாரப் பாவி!"

ருக்மணி இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் போட்ட சத்தத்தில் காஜா பேராங் தெருவே திரும்பிப் பார்த்தது.

கடைக்காரர் சேதுராமன் அசரவில்லை. வந்து திட்டினாலும் வாடிக்கை வரவுதான் என்று நினைக்கிற வியாபாரி அவர். "உட்காருங்க தங்கச்சி. யார் வீடு?"

"தேவதாஸ் சம்சாரம். சேலையைத் தேய்ச்சேன், கரண்டு தூக்கிச் சுவத்துல அடிச்சிருச்சு."

அம்மனைக் கேட்டுக் கேட்டு அலுக்காமல், இந்த வெள்ளியும் கோயில் மரத்தில் குட்டித் தொட்டில் கட்டக் கிளம்பியவள். அதற்குள் அம்மனிடமே போய்ச் சேர்ந்திருப்பாள்.

சேதுராமன் ப்ளக்கைத் திருகித் திறந்தார். வெளியே மூன்று கால். உள்ளே இரண்டே கம்பி.

"மூணாவது கால் சும்மா அழகுக்கு. கசியிற கரண்டை மண்ணுல இறக்குற கம்பி இதுல கிடையாது. அந்த வேலையை உங்க உடம்பு பார்த்திருக்கு."

"தெரிஞ்சே வித்தீங்களா? அண்ணன், அண்ணன்னு உங்களை நம்பினாரே மனுஷன்! துரோகி!"

சேதுராமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவரும் தெரிஞ்சேதான் வாங்குனாரு. ரெண்டு பெட்டி. ஒண்ணு ரெண்டு கம்பி, ஒண்ணு மூணு கம்பி. பிரிச்சுக் காட்டித்தான் குடுத்தேன்."

ருக்மணியின் கோபம் பாதி இறங்கியது. இன்னொரு பெட்டி தெங்கேரா மன்றத்துக்கு என்று கணவன் சொல்லியிருந்தான். மெர்டேக்கா சுதந்திர நாள் ஊர்வலத்துக்குத் தொண்டர்களின் சட்டையெல்லாம் அங்கேதான் தேய்க்கிறார்களாம். வாரத்தில் பாதி நாள் மனிதனுக்குச் சாப்பாடும் தூக்கமும்கூட அங்கேதான்.

"அப்ப பெட்டி மாறிப்போச்சு! நல்லதை மன்றத்துல வச்சிட்டு, எமனை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருக்காரு. ஊருக்கு உழைச்சே புத்தி மங்கிப்போச்சு லா அவருக்கு!" சிரிப்பே வந்துவிட்டது அவளுக்கு. "உங்களை வேற வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கண்ணே."

"அதை விடுங்க. ஆனா எப்படி மாறும்? பெரியவங்க மட்டும் புழங்குற இடத்துக்கு ரெண்டு கம்பி போதும்னு அவரே பிரிச்சு வச்சாரே."

"அப்ப அந்த மூணு கம்பி?"

"வீட்டுக்கு. பையன் தவழ ஆரம்பிச்சிட்டானாமே!"