அதான் சொல்ல வந்தேன்

"ஏன்டா மாப்ளே, மூளையை வீட்ல வச்சிட்டு நோட்டை மட்டும் சட்டைப்பையில போட்டுட்டு வந்துட்டியா?"

பிளம்பர் கேட்டதும் வீட்டுக்காரம்மா சிரிச்சுட்டாங்க. பிளம்பரோட மச்சினன் சிரிக்கல. உடைஞ்ச சமையல்ரூம் குழாய்க்கு என்னென்ன சாமான் வேணும்னு குட்டி நோட்டுல எழுதிட்டிருந்தான்.

வீடு முழுக்கத் தண்ணியை நிறுத்தியாச்சு. சாயங்காலம் அந்தம்மாவோட மக ஆஸ்பத்திரியிலேர்ந்து பச்சைக்குழந்தையோட வர்றா. அதுக்குள்ள தண்ணி வந்தாகணும்.

"மாமா, இந்தச் சீட்டை எடுத்துட்டுப் போங்க. இன்னிக்குக் கடை அரை நாள்தான். எதையாவது விட்டுட்டு வந்தா அவ்வளவுதான்."

"சீட்டா? எனக்கா? இது மண்டைடா! ஒரு விஷயம் உள்ள போச்சுன்னா பூட்டிக்கும்."

"பூட்டிக்கும் மாமா. சாவிதான் கிடைக்க மாட்டேங்குது."

மாமாவுக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு.

"பந்தயம்டா! ஒரு சாமான் குறைஞ்சாலும் நாளையிலேர்ந்து நானும் நோட்டு வச்சுக்கறேன். குறையலைன்னா உன் நோட்டு இந்த அழுக்குத்தண்ணி வாளிக்குள்ள. அம்மா, நீங்கதான் சாட்சி!"

நெஞ்சை நிமித்திட்டுப் போனவர், போன வேகத்துல திரும்பி வந்தார். வண்டிச் சாவி. மறுபடி போனார், மறுபடி வந்தார். ஹெல்மெட்.

"இதெல்லாம் மண்டைக்கு வெளியில போடற சாமான். கணக்குல வராது"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் ஓய்ஞ்சதும் மச்சினன் போனை எடுத்துட்டு பால்கனிக்கு நகர்ந்தான்.

"யாருக்குப்பா?"

"அக்காகிட்ட ஒரு வார்த்தைம்மா."

அந்தம்மா காலிக் குடத்தை எட்டிப் பாத்தாங்க. இந்த மனுஷன் வெறுங்கையோட வந்து நின்னா குழந்தையை எந்தத் தண்ணியில குளிப்பாட்டறது?

வந்தார். பையைத் தரையில கவுத்தார்.

"வால்வு! எல்போ! பசை! ரம்ப பிளேடு! வாஷர்! பாத்துக்கடா, கண்ணை நல்லா விரிச்சுப் பாத்துக்க!"

எழுதினதுல ஒண்ணுகூடக் குறையல.

நோட்டைப் பிடுங்கி வாளியில போட்டார். ப்ளக்!

"நோட்டு தூக்கறவனெல்லாம் மண்டையை வாடகைக்கு விட்டவன்ம்மா!"

வேலை முடிஞ்சு குழாயில தண்ணி கொட்டுச்சு. மாமா மீசையைத் தடவிட்டே வண்டியை எடுக்கக் கீழே போனார். மச்சினன் கை கழுவிட்டிருந்தப்ப அவன் போன் அடிச்சுது.

"கை ஈரம்மா. ஸ்பீக்கர்ல போடுங்களேன்."

கடைக்காரர் குரல். "மாப்ளே, சாமான் சரியா இருந்துச்சா? உங்க மாமா வழக்கம்போல 'வால்வு'ன்னாரு, அப்புறம் ஃபேனைப் பாத்துட்டு நின்னாரு. நீங்க போன்ல சொன்னதை ஒவ்வொண்ணா எடுத்து, 'இதுவும் வேணுமாண்ணே'ன்னு நானே கேட்டேன். எல்லாத்துக்கும் 'அதான் சொல்ல வந்தேன்'னாரு!"

அந்தம்மா வாயைப் பொளந்துட்டாங்க. "அடப்பாவி! பேசாம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பியேடா!"

"நான் ஜெயிச்சா உங்க பேரப்புள்ளைக்குத் தண்ணி வராதேம்மா."

கீழேயிருந்து மாமா கத்தினார். "டேய் மாப்ளே! நாளைக்கு நமக்கு எந்த வீட்லடா வேலை?"

மச்சினன் வாளிக்குள்ள கையை விட்டான்.

"கொஞ்சம் பொறுங்க மாமா. உங்க மூளையைக் காயப்போட்டுட்டுச் சொல்றேன்!"